சுபத்திரை தூங்கியது குற்றமா?

கர்ப்பமான பெண்ணுக்கு நம் ஊரில் ஆறுதல் வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை. "மனசை லேசா வெச்சுக்கோ", "கண்டதையும் யோசிக்காதே", "எப்பவும் சிரிச்ச முகமா இரு", "அழுதா குழந்தைக்கு ஆகாது". மாமியாரில் தொடங்கி, ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத அம்மாள் வரை ஆளாளுக்குச் சொல்வார்கள். இந்த வாக்கியங்களை ஒரு தாளில் எழுதி வைத்துப் பாருங்கள். எல்லாமே ஏவல் வினை. இரு, வை, செய்யாதே, நினைக்காதே. கேள்விக்குறி போட வேண்டிய வாக்கியம் ஒன்றுகூட அதில் இருக்காது. "பயமா இருக்கா?" என்று கேட்டவர்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை எழுந்து போகாமல் இருந்தவர்களை எண்ண அந்த ஒரு கைகூட வேண்டாம்.

இந்த ஏவல்களுக்குச் சொல்லப்படும் காரணமும் கவனிக்கத்தக்கது. அவள் ஏன் அழக்கூடாது? அழுதால் அவளுக்கு வலிக்கும் என்பதால் அல்ல, குழந்தைக்கு ஆகாது என்பதால். அவள் ஏன் நல்ல தூக்கம் தூங்க வேண்டும்? குழந்தை வளர வேண்டும். ஏன் கோபப்படக் கூடாது? குழந்தை முரடாகப் பிறக்கும். பத்து மாதமும் அவள் மனது வேறொருவருக்குப் பாதை போட்டுக் கொடுக்கும் குழாயாகவே பேசப்படுகிறது. குழாயில் அழுக்கு இருந்தால் தண்ணீர் கெட்டுவிடும் என்ற அக்கறை. குழாய்க்கு வலிக்குமா என்று யாரும் கேட்பதில்லை.

இந்தப் பார்வைக்கு நம்மிடம் ஒரு புராதன ஆதாரம் இருப்பதாகச் சொல்வார்கள். அபிமன்யு கதை. கதாகாலட்சேபத்திலும் தொலைக்காட்சித் தொடரிலும், இப்போது "கர்ப்ப சம்ஸ்காரம்" என்ற பெயரில் கட்டணம் வாங்கி நடத்தப்படும் வகுப்புகளிலும் தவறாமல் வருகிற கதை. வயிற்றில் இருக்கும்போதே அபிமன்யு சக்கர வியூகத்தை உடைத்து உள்ளே போகும் வழியைக் கேட்டுக்கொண்டான்; பாதியில் சுபத்திரை தூங்கிப்போனாள்; அதனால் வெளியே வரும் வழி அவனுக்குத் தெரியாமல் போயிற்று; குருட்சேத்திரத்தில் மாண்டான். கர்ப்பிணி நல்லதையே கேட்க வேண்டும் என்பதற்கு இதை உதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள்.

கொஞ்சம் நின்று அந்தக் கதை என்ன சொல்கிறது என்று பாருங்கள். வயிற்றில் பிள்ளையைச் சுமக்கிற ஒரு பெண்ணிடம், அவளுக்கு எந்தத் தேவையும் இல்லாத போர்த் தந்திரத்தை ஓர் ஆண் விவரித்துக்கொண்டே போகிறான். அவள் களைத்துத் தூங்குகிறாள். பதினாறு வயதுப் பிள்ளையைத் தனியே வியூகத்துக்குள் அனுப்பிய பெரியப்பாக்கள் மீது குற்றமில்லை. ஒருவனைச் சூழ்ந்து நின்று கொன்ற மகாரதர்கள்மீது பாதிக் குற்றம். மீதிப் பாதி, கர்ப்ப காலத்தில் கண் அசந்த தாய் மீது. இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த சமூகத்தில், குழந்தை குறைமாதத்தில் பிறந்தாலும், எடை குறைந்தாலும், பேச்சு தாமதமானாலும், முதல் விசாரணை யாரிடம் நடக்கும் என்பதில் சந்தேகம் வேண்டியதில்லை. "மாசமா இருக்கும்போது என்ன பண்ணினே?"

தாயின் கடுமையான, நீடித்த மன உளைச்சலுக்கும் குறைமாதப் பிரசவத்துக்கும் குழந்தையின் எடைக் குறைவுக்கும் தொடர்பு உண்டு என்று மருத்துவமும் சொல்கிறதே என்பார்கள். சொல்கிறது. நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த உண்மையை முழுசாக எடுத்துக்கொள்ள வேண்டும். உளைச்சல் குழந்தைக்குக் கெடுதல் என்றால், உளைச்சல் தருகிறவர்களிடம்தானே முதலில் பேச வேண்டும்? குடித்துவிட்டு வந்து சத்தம் போடும் கணவனிடம், ஐந்தாம் மாதத்திலும் இட்லி மாவுக் கிரைண்டரைக் கழுவ வைக்கும் வீட்டிடம், "லீவு கேட்டா வேலையை விட்டுடு" என்கிற மேலாளரிடம். அவளிடம் "அழாதே" என்று சொல்ல வாய் திறக்கிற உறவு, அவனிடம் "அடிக்காதே" என்று சொல்லத் திறப்பதில்லை. "அவன் குணம் தெரிஞ்சதுதானே, நீதான் அனுசரிச்சுப் போகணும்" என்று மறுபடியும் அவளிடமே வந்து நிற்கும்.

நம் மொழியில் மசக்கை என்று அழகான சொல் இருக்கிறது. மாங்காய் தின்னத் தோன்றுவது, சாம்பல் வாசம் பிடிப்பது, வாந்தி, மயக்கம் எல்லாம் அதில் அடங்கும். ஊரே சிரித்துக்கொண்டே அனுமதிக்கும் ஆசைகள். ஆனால் அந்தச் சொல்லுக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. அவள் சொல்லும் எதையும் அது விழுங்கிவிடும். "இந்தக் குழந்தை இப்போ வேண்டாம்னு தோணுது" என்றால் மசக்கை. "இவர் என்கிட்ட பேசுறதே இல்லை" என்றால் மசக்கை. "ராத்திரியெல்லாம் செத்துப்போற மாதிரி கனவு வருது" என்றாலும் மசக்கை. பிள்ளை பிறந்த பிறகு மசக்கை என்று சொல்ல முடியாதே, அப்போது "உடம்பு அசதி". முற்றிப்போனால் பழைய தலைமுறை "ஜன்னி கண்டிருச்சு" என்றது, அல்லது "காத்து கருப்பு பட்டிருச்சு" என்று வேப்பிலை அடித்தது.

காத்து கருப்பைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். பிள்ளைத்தாய்ச்சியை உச்சி வெயிலில் தனியே அனுப்பாதே, இரவில் தனியாகப் படுக்க விடாதே, கையில் ஒரு இரும்புத் துண்டு கொடு என்றார்கள். நம்பிக்கை மூடத்தனம்தான். ஆனாலும் இந்தப் பெண்ணுக்கு இப்போது பயம் இருக்கும், கூட ஓர் ஆள் வேண்டும் என்பதை அந்த மூடத்தனமாவது ஒப்புக்கொண்டது. இன்றைய வீட்டில் காலை எட்டு மணிக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் வேலைக்குப் போகிறார்கள். நிறைமாதக்காரி செல்பேசியும் கையுமாகத் தனியே உட்கார்ந்திருக்கிறாள்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் வியாதி, நம்ம ஊர்ல கூட்டுக் குடும்பம் இருக்கு, நம்ம பொண்ணுங்களுக்கு வராது" என்ற வாதத்தைப் படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். 2002ல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. களம் லண்டன் அல்ல, நம் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்கள். கடைசி மூன்று மாதத்தில் இருந்த 359 பெண்களைச் சந்தித்து, பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடியும் சந்தித்தார்கள். பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம். வளர்ந்த நாடுகளில் எவ்வளவோ, இங்கும் கிட்டத்தட்ட அவ்வளவே. வித்தியாசம் காரணங்களில் இருந்தது. குறைந்த வருமானம். மகனை எதிர்பார்த்திருக்கையில் மகள் பிறந்தது. மாமியாரோடும் பெற்றோரோடும் உறவில் இருந்த சிக்கல். கர்ப்ப காலத்தில் நடந்த துயர நிகழ்வுகள். கூடமாட வேலைக்கு உதவ ஆள் இல்லாதது.

இந்தப் பட்டியலை மெதுவாக மறுபடி படியுங்கள். ஹார்மோன் என்ற சொல் அதில் இல்லை. நம்மைக் காப்பாற்றும் என்று சொல்லப்பட்ட குடும்பமே காரணங்களின் வரிசையில் நிற்கிறது. அதே ஆண்டு கோவாவிலிருந்து வெளிவந்த இன்னொரு ஆய்விலும் வறுமை, கணவனின் வன்முறை, பெண் குழந்தை பிறந்தது ஆகியவையே முன்னால் வந்தன. கடைசிக் காரணம், அதாவது உதவ ஆளில்லாமை, என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பாத்திரம் கழுவ, துணி அலச, குழந்தையைக் கொஞ்ச நேரம் வாங்கிக்கொள்ள ஓர் ஆள். நாம் "மன ஆதரவு" என்று பெரிய சொல்லில் பேசுவதில் பெரும்பங்கு இன்னொருவரின் கை வேலை. அதற்கு நேரம் ஆகும், உடம்பு வலிக்கும். அறிவுரைக்கு இரண்டும் வேண்டாம். அதனால்தான் அறிவுரை இவ்வளவு தாராளமாகக் கிடைக்கிறது.

சரி, வளைகாப்பு இருக்கிறதே என்பீர்கள். பெண்கள் கூடி, பெண்ணுக்காகச் செய்கிற சடங்கு. எனக்கும் அதன்மேல் ஒரு பிரியம் உண்டு. கண்ணாடி வளையல் சத்தமும் ஏழு வகைச் சோறும் பாட்டும் கேலியும், பத்து மாதத்தில் அவளுக்காகவே என்று இருக்கும் ஒரே நாள். ஆனால் அந்தக் கூடத்தில் யார் இல்லை என்று பாருங்கள். மூன்று பிரசவம் பார்த்த அத்தை, இடுப்பு வலி எது சூட்டு வலி எது என்று தொட்டுப் பார்த்தே சொல்லக்கூடியவள், கணவன் இறந்துவிட்டதால் சமையலறைக் கதவோரம் நிற்கிறாள். அந்தப் பெண்ணுக்கு அன்று மிகவும் உபயோகமான ஆள் அவள்தான். சந்தனம் பூச அவள் கை ஆகாது. பிள்ளை இல்லாதவளை ஒதுக்கும் வீடுகள் உண்டு. பக்கத்து மணையில் உட்கார வைத்து அவளுக்கும் வளையல் போட்டுவிடும் வீடுகளும் உண்டு. பின்னது முன்னதைவிடப் பரவாயில்லை என்றாலும், ஊரே தன் வயிற்றைப் பார்க்க அவள் குனிந்து உட்கார்ந்திருக்கும் அந்த ஐந்து நிமிடம் எப்படி இருக்கும் என்பதை அவளைத்தான் கேட்க வேண்டும். அரசும் சமுதாய வளைகாப்பு நடத்துகிறது. ஏழைப் பெண்களும் எல்லாச் சாதிப் பெண்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதற்காகவே அதை நான் பாராட்டுவேன். ஆனால் கணவனை இழந்து ஏழு மாத வயிற்றோடு இருப்பவளுக்கும், கணவன் விட்டுப்போனவளுக்கும், திருமணமே ஆகாதவளுக்கும் அந்த மேடையில் நாற்காலி உண்டா என்று உங்கள் பகுதி அங்கன்வாடியில் விசாரித்துப் பாருங்கள்.

வளைகாப்பு முடிந்த கையோடு தாய் வீடு. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது பல பெண்களுக்கு உண்மையிலேயே மூச்சு விடும் இடம். அம்மா கையால் சாப்பாடு, விரித்த தலையோடு நடமாடும் சுதந்திரம், கேட்டு எழுந்திருக்க வேண்டாத காலைத் தூக்கம். அதைப் பறிக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஏற்பாடு இன்னொருவருக்கும் விடுதலை தருகிறது. கணவனுக்கு. செலவு மாமனார் வீட்டோடு, விழிப்பு மாமியாரோடு. அவன் ஞாயிற்றுக்கிழமை பழத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போகும் விருந்தாளி. மூன்று மாதம் கழித்துத் தொட்டிலோடும் சீரோடும் மனைவியும் பிள்ளையும் "திரும்பி வரும்"போது, குழந்தையைப் பிடிக்கக்கூட அவனுக்குப் பயம். "அவருக்குத் தூக்கத் தெரியாதுங்க" என்று அவளே பெருமையும் சலிப்புமாகச் சொல்கிறாள். தெரியாமல் இருப்பதற்காக ஒரு சமூகமே சேர்ந்து அவனுக்கு ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறது.

தாய் வீடு எல்லோருக்கும் இருக்கிறது என்பதும் ஒரு பொய். சாதி மாறித் திருமணம் செய்தவளுக்கு அந்தக் கதவு அடைபட்டிருக்கும். சில சமயம் அந்த வீட்டிலிருந்துதான் அவளுக்கு உயிர் பயமே. திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு ஒடிசாவிலிருந்து வந்தவளுக்குத் தாய் வீடு இரண்டு நாள் ரயில் தூரம். அம்மா இல்லாதவளும் இருக்கிறாள். அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவளாக இருந்தால், மகளைப் பார்த்துக்கொள்ள அவள் எந்தச் சம்பளத்தை விடுவாள்?

ஆணின் பயத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். அப்பாவாகப் போகிறவனுக்குத் தமிழில் ஒரு சொல்கூடக் கிடையாது. பெண்ணுக்கு வாயும் வயிறுமாக, சூலி, பிள்ளைத்தாய்ச்சி, நிறைமாசக்காரி என்று எத்தனையோ. அவனுக்கு "பணம் ரெடி பண்ணிட்டியா?" என்ற கேள்வி மட்டும். பிரசவத்தையொட்டி அப்பாக்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது என்று 2010ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது. அது எனக்கு வியப்பாக இல்லை. பயத்தைப் பயம் என்று சொல்லத் தெரியாதவன் அதைக் கோபமாகவோ டாஸ்மாக்காகவோ மாற்றுகிறான். அதன் கணக்கும் அவள் தலையில்தான் விழுகிறது. ஆகவே அவனுக்கும் ஆதரவு வேண்டும். ஆனால் அவன் மனதையும் அவளே தேற்ற வேண்டும், வாந்தி எடுத்த கையோடு அவனுக்குத் தைரியமும் சொல்ல வேண்டும் என்ற பொருளில் "தம்பதிகள் மனம்விட்டுப் பேச வேண்டும்" என்று யாராவது எழுதினால், அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுங்கள்.

அவனுக்கு வேண்டியது முதலில் நேரம். மத்திய அரசில் வேலை பார்க்கும் ஆணுக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. தனியார் துறை ஆணுக்குச் சட்டப்படி ஒரு நாளும் கிடையாது. நிறுவனத்தின் மனசு எப்படியோ அப்படி. 2017ல் ராஜீவ் சாதவ் என்ற காங்கிரஸ் உறுப்பினர் மக்களவையில் தந்தைமை விடுப்புக்காகத் தனிநபர் மசோதா கொண்டு வந்தார். நிறைவேறவில்லை. அதே ஆண்டுதான் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டு, பெண்ணுக்கு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாயிற்று. தமிழ்நாட்டு அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம். நல்ல காரியம்தான். ஆனால் ஒரு பக்கம் மட்டும் நீளும் விடுப்பு, பிள்ளை வளர்ப்பு பெண் வேலை என்பதை அரசாணையாகவே எழுதிவிடுகிறது. பெண்ணை வேலைக்கு எடுக்காமலிருக்க முதலாளிக்கு ஒரு காரணத்தையும் கொடுக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் கடையில் நின்றுகொண்டே இருப்பவளுக்கும், சித்தாள் வேலைக்குப் போகிறவளுக்கும் அந்த 26 வாரமும் எட்டாது. கிடைக்க வேண்டியவர்களுக்கும் லேசில் கிடைப்பதில்லை. முந்தைய திருமணத்தில் இரண்டு பிள்ளை பெற்ற, மறுமணம் செய்துகொண்ட தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர், "இது மூன்றாவது" என்று மறுக்கப்பட்ட மகப்பேறு விடுப்பைப் பெற உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. தீர்ப்பு 2025 மே மாதம் வந்தது.

இனி பிரசவ அறை. அங்கே சொல்லப்படும் ஒரு வாக்கியத்தை இந்தப் புத்தகத்தைப் படிக்கும் பெண்களில் பலர் கேட்டிருப்பீர்கள், அல்லது அம்மா, அக்கா சொல்லி அறிந்திருப்பீர்கள். வலியில் கத்துகிறவளிடம், "அன்னிக்கு நல்லா இருந்துச்சுல்ல, இப்ப ஏன் கத்துறே?" இன்னும் கொச்சையாகவும் சொல்வார்கள்; தொடையில் அடியும் விழும். பத்து மாதம் "சந்தோஷமா இரு" என்று கட்டளையிட்ட சமூகம், அந்த உடம்பு மிகவும் திறந்து கிடக்கும் நேரத்தில் அதன் இன்பத்தைக் குற்றமாக்கி முகத்தில் எறிகிறது. சொல்பவரும் பெரும்பாலும் பெண்தான். மூன்று ஷிப்டு வேலையை இரண்டு ஷிப்டில் பார்க்கும், உட்கார நேரமில்லாத பெண். அதற்காக அந்தச் சொல்லை மன்னிக்க முடியாது. ஆனால் அவரை மட்டும் திட்டிவிட்டு நகர்ந்தால், ஒரு செவிலியருக்கு எத்தனை கட்டில் என்ற கேள்வி தப்பித்துக்கொள்ளும்.

வெளியே உறவு காத்திருக்கிறது. "சுகப்பிரசவமா, ஆபரேஷனா?" சுகம் என்ற சொல் அங்கே எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்று எனக்குப் பல நாள் குழப்பம். பதினாறு மணி நேர வலி, வெட்டு, தையல். யார் சுகம்? பில் கட்டுகிறவர் சுகமாக இருக்கலாம். தமிழ்நாட்டில் பிரசவங்களில் ஏறத்தாழ 45 சதவீதம் அறுவைச் சிகிச்சை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அப்படியென்றால் கிட்டத்தட்ட பாதிப் பெண்கள் "சுகம் இல்லாமல்" பெற்றவர்கள். வயிற்றில் தையலோடு படுத்திருப்பவளிடம், "எங்க காலத்துல எல்லாம் தானா பொறந்துச்சு, கொஞ்சம் முக்கியிருக்கலாம்" என்று சொல்லாமல் திரும்பும் பெரியம்மாக்கள் அபூர்வம்.

பிரசவ வைராக்கியம் என்றும் ஒரு சொல் வைத்திருக்கிறோம். மயான வைராக்கியம் போல, கொஞ்ச நேரத்தில் கரைந்துவிடும் உறுதி. வலியில் "இனிமே வேண்டவே வேண்டாம், இவரைக் கிட்டவே விட மாட்டேன்" என்று கத்துகிறவள் அடுத்த வருடமே மறுபடி வந்து படுப்பாள் என்ற நகைச்சுவை. தேர்தல் வாக்குறுதிக்கும் புத்தாண்டுத் தீர்மானத்துக்கும் இந்தச் சொல்லைக் கேலியாகப் பயன்படுத்துகிறோம். அவள் தன் வாழ்க்கையில் சொன்ன மிகத் தெளிவான வாக்கியம் அதுவாக இருக்கலாம். அந்த உறுதியை அவளே கைவிட்டாளா, கைவிட வைத்தார்களா என்று மொழி விசாரிக்கவில்லை. கருத்தடை அறுவைச் சிகிச்சையில் ஆண்களின் பங்கு ஒரு சதவீதத்தைக்கூடத் தொடாத மாநிலத்தில் அந்தச் சிரிப்பு எனக்கு வரவில்லை.

பிரசவ அறையில் கூடவே ஓர் ஆள் இருந்தால் என்ன ஆகும் என்பதை உலகம் பலமுறை சோதித்துப் பார்த்துவிட்டது. 2017ல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு, பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கிய சோதனைகளைத் திரட்டியது. விடாமல் துணை இருந்தால் அறுவைச் சிகிச்சை குறைகிறது, வலி நேரம் குறைகிறது, பிரசவத்தைப் பற்றிய கசப்பும் குறைகிறது. ஊசியில்லை, மருந்தில்லை, கையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள். அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையை அனுமதிப்பதில் தமிழ்நாடு முன்னோடிகளில் ஒன்று. 2016ல் மத்திய அரசும் வழிகாட்டுதல் வெளியிட்டது. துணையாக வருபவர் பெண் உறவினராக, முடிந்தால் தானும் பெற்றவராக இருக்க வேண்டும். தனிமைக்கு வசதி உள்ள இடத்தில் கணவனையும் விடலாம் என்றது அது. தனிமைக்கு வசதி என்பது ஒரு திரைச்சீலை. அது பல இடங்களில் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது: துணை யார் என்பதை அவள் சொல்ல வேண்டும். மாமியாரின் வார்த்தையாலேயே உடைந்து போனவளுக்கு மாமியாரையே துணையாக அனுப்பினால், ஏட்டில் திட்டம் நிறைவேறிவிடும்.

குழந்தை வந்த பிறகு எல்லோர் கண்ணும் தொட்டிலுக்குப் போய்விடுகிறது. யார் ஜாடை, என்ன நிறம், பால் போதுமா. அவளை ஓர் அறையில் "தீட்டு" என்று ஒதுக்கி வைத்து, பத்தியச் சோறும் பிரசவ லேகியமும் கொடுப்பார்கள். அந்த ஒதுக்கல் ஓய்வு தந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். தந்திருக்கலாம். ஓய்வைத் தருவதற்கு அவளை அசுத்தம் என்று சொல்ல வேண்டியிருந்தது என்பதை மறக்க வேண்டாம். "அந்தக் காலத்துல பத்துப் பெத்தாங்க, மனச்சோர்வுன்னு யாரு சொன்னா?" என்பது அடுத்த வாதம். பத்தில் எத்தனை தங்கியது, எத்தனை பாட்டிகள் அந்தப் பத்தாவதில் போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். கிணற்றடியில் நடந்ததை எல்லாம் கால் தவறியதாகவே ஊர் எழுதிக்கொண்டது.

அரசுக்கு எண்ணத் தெரியாதா? தெரியும். கர்ப்பம் பதிவானதும் 12 இலக்க எண் வருகிறது. எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சர்க்கரை, இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் அட்டையில் ஏறுகின்றன. இப்படி எண்ணி எண்ணித்தான் மருத்துவமனைப் பிரசவம் 99 சதவீதத்தைத் தாண்டியது. பிரசவ மரண விகிதமும் 2018-20 கணக்குப்படி லட்சத்துக்கு 54 என்று, இந்தியச் சராசரியான 97ஐவிட வெகுவாகக் கீழே வந்தது. உயிரைக் காப்பாற்றிய அந்த அட்டையில் அவள் மனதுக்கு ஒரு கட்டம் இல்லை. கட்டம் போடக் கருவியும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம். 1987ல் உருவான எடின்பரோ அளவுகோலில் பத்தே கேள்விகள். எழுதப் படிக்கத் தெரியாதவளிடமும் சில நிமிடத்தில் கேட்டுவிடலாம். தமிழிலும் வந்துவிட்டது. கடைசிக் கேள்வி, தன்னையே காயப்படுத்திக்கொள்ளத் தோன்றியதா என்பது. இதை மாமியாரும் கணவனும் பக்கத்தில் நிற்கையில் கேட்டால் பதில் என்ன வரும் என்று சொல்லத் தேவையில்லை. தனியே கேட்க வேண்டும்.

கேட்டால் போதுமா, அப்புறம் யாரிடம் அனுப்புவது, மாவட்டத்துக்கு எத்தனை மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள் என்பார்கள். பாகிஸ்தானில் ராவல்பிண்டி கிராமங்களில் இதற்குப் பதில் இருக்கிறது. அங்கே பள்ளிப் படிப்பு மட்டும் முடித்த ஊர் சுகாதாரப் பெண் ஊழியர்களுக்குக் குறுகிய பயிற்சி கொடுத்து, மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளின் வீட்டுக்கு அனுப்பினார்கள். கடைசி மாதத்தில் தொடங்கி, குழந்தைக்கு ஒரு வயது நெருங்கும்வரை பதினாறு சந்திப்புகள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, அந்தச் சந்திப்பு கிடைத்த தாய்மாரில் மனச்சோர்வு நீடித்தது 23 சதவீதத்தினருக்கு. வெறுமனே பார்த்துவிட்டு வந்த பகுதியில் 53 சதவீதம். 2008ல் லான்செட்டில் வெளியான கணக்கு இது. பிறகு உலக சுகாதார நிறுவனமே அந்த முறையை ஏற்றுக்கொண்டது. நமக்குக் கிராம சுகாதாரச் செவிலியர் இருக்கிறார், ஊர்ப் பெண்கள் "நர்சம்மா" என்று உரிமையோடு கூப்பிடுகிறவர். அவர் தோளில் ஏற்கெனவே பத்துப் பதிவேடும் இரண்டு செயலியும் தொங்குகின்றன. பதினொன்றாவதாக இதையும் ஏற்றிவிட்டு, சம்பளமும் ஆளும் சேர்க்காமல், "திட்டம் தொடங்கப்பட்டது" என்று படம் பிடித்துக்கொண்டால், ஒரு பெண்ணின் மனதைக் காக்க இன்னொரு பெண்ணின் முதுகை ஒடித்ததாகும். காலிப் பணியிடங்களை நிரப்பாமல் இதைப் பேசவே கூடாது.

மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்குப் போனவளின் கதை தனி. 2017ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸில் தாயும் சேயும் சேர்ந்து தங்கும் பிரிவு 2009லிருந்து நடக்கிறது. நம் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் ஒரு தொட்டில் போட இடம் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது? குழந்தை மாமியாரிடம் போகிறது. "பைத்தியக்காரி கையில பிள்ளையைக் குடுக்க முடியுமா?" என்ற வாக்கியம் விவாகரத்து வழக்குவரை போகிறது. இதற்குப் பயந்தே தன் கனவுகளை யாரிடமும் சொல்லாதவர்கள் உண்டு.

கல்லூரியில் படிக்கும் பெண்களுக்கு ஒன்று. உங்கள் அக்காவோ தோழியோ பெற்றிருந்தால் பார்க்கப் போங்கள். குழந்தை எங்கும் போய்விடாது, அப்புறம் பார்க்கலாம். முதலில் அவள் பக்கத்தில் உட்காருங்கள். கொலுசும் ஜரிகைச் சட்டையும் எல்லோரும் வாங்கி வருவார்கள், நீங்கள் ஒரு தூக்கில் அவளுக்குப் பிடித்த குழம்பு கொண்டு போங்கள். தொட்டித் துணியை அலசிப் போடுங்கள். அவள் "எனக்கு இந்தக் குழந்தை மேல பாசமே வரல" என்று சொன்னால், "அப்படிச் சொல்லாதே" என்று வாயைப் பொத்தாதீர்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் கர்ப்பிணிக்கு 18,000 ரூபாய் தருகிறோம். பேரீச்சம்பழமும் நெய்யும் இரும்புச்சத்து மருந்தும் அதில் உண்டு. தவணையை எத்தனையாகப் பிரிப்பது, எந்தத் தடுப்பூசிக்குப் பிறகு எந்தத் தவணை என்று கூட்டம் போட்டு முடிவு செய்கிறார்கள். அடுத்த கூட்டத்தில், அந்த அட்டையில் பத்துக் கேள்விகளை அச்சடிக்கவும், அதைக் கேட்கும் செவிலியருக்குக் கதவு சாத்தக்கூடிய ஓர் அறை ஒதுக்கவும் எவ்வளவு ஆகும் என்று யாராவது ஒருவர் கேட்கட்டும்.